பேட்டரி நகர்ந்தால் காவலும் நகர வேண்டும்

மணாலியிலிருந்து லே போகும் சாலையில் பயணம் உண்மையில் தொடங்கும் இடம் தண்டி. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோதங் கணவாயின் சேறும் காத்திருப்பும் குறைந்துவிட்டன. 9 கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடந்தால் லாஹௌல் பள்ளத்தாக்கு. சந்திரா ஆற்றை ஒட்டியே போனால் அது பாகா ஆற்றோடு கூடும் இடத்தில் தண்டி. இரண்டும் கூடித்தான் செனாப் என்ற பெரிய நதி ஆகின்றன. அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று அறிவித்தபடி நெடுங்காலமாக அங்கே நின்ற பலகை இந்த வழியில் போன எல்லோருக்கும் தெரியும். பெட்ரோலுக்குச் சொன்னது மற்றவற்றுக்கும் பொருந்தும். அடுத்து வரும் கீலாங் ஊரைத் தாண்டினால் நம்பி வண்டியை விடுகிற ஒர்க்‌ஷாப்பைத் தேட வேண்டும், ஆட்டோ எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டும், பல இடங்களில் செல்போன் சிக்னலையும் தேட வேண்டும். இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு, மலைப் பயணத்துக்காக மாற்றியமைக்கப்படும் தார், ஜிப்ஸி, ஜிம்னி போன்ற வண்டிகளில் நடக்கும் ஒரு வேலையைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பானட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியை எடுத்து, சீட்டுக்குப் பின்னாலோ டிக்கியிலோ கொண்டுபோய் வைக்கும் வேலை அது. என் வாதம் எளியது. பானட்டுக்குள் இருந்தவரை அந்தப் பேட்டரிக்குச் சில காவல்கள் இருந்தன. இடம் மாறும்போது அவையும் கூடவே மாற வேண்டும். அவற்றைப் புதிதாகக் கட்டித்தர முடியாது என்றால், பேட்டரி பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

முதலில், நகர்த்துகிறவர்களுடைய காரணங்களை நியாயமாக எடைபோட வேண்டும். பெரிய ஏர் ஃபில்டர், ஸ்நார்க்கல், ஏர் கம்ப்ரசர் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது பானட்டுக்குள் இடம் போதாமல் போகிறது. இது உண்மையான காரணம். வெப்பம் இன்னொரு காரணம். ஈய-அமில பேட்டரியைச் சுற்றியுள்ள வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. வருடத்தில் பெரும்பகுதி சமவெளியில் ஓடும் வண்டிக்கு இஞ்சின் சூட்டிலிருந்து பேட்டரியை விலக்கி வைப்பது லாபம்தான். எடையைச் சமன் செய்வது என்ற காரணம் அவ்வளவு வலுவானதல்ல. 18 கிலோ பேட்டரி ஒன்றேமுக்கால் டன் வண்டியில் நூற்றில் ஒரு பங்கு. பந்தயக் காருக்கு அது பெரிது, கூரையில் கூடாரமும் பின்னால் ஜெர்ரி கேனும் ஏற்றிய வண்டிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நீரில் இறங்கும்போது பேட்டரி நனையக் கூடாது என்று சொல்வது எல்லாவற்றிலும் பலவீனமான காரணம். இந்தச் சாலையில் வரும் ஜிங் ஜிங் பார் பக்கம், மதியத்துக்கு மேல் பனி உருகி ஓடைகள் சாலையின் குறுக்கே பாயும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் மூன்று மணிக்குச் சக்கரத்தின் பாதியைத் தொடும். அந்தத் தண்ணீர் பனி உருகிய நன்னீர். 12 வோல்ட்டில் அதன் வழியாகக் கசியும் மின்சாரம் மிகச் சொற்பம். அந்த ஓடையில் வண்டியை நிறுத்துவது இஞ்சின் உறிஞ்சும் காற்றோடு போகும் தண்ணீரும், நனைந்த சென்சார் கனெக்டர்களும்தான். பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் இவற்றில் ஒன்றுகூடத் தீராது.

ஜிங் ஜிங் பாருக்கு மேலே பாரலாச்சா லா கணவாய், 4,890 மீட்டர். அதைத் தாண்டி இறங்கினால் ஹிமாசலமும் லடாக்கும் சந்திக்கும் சர்ச்சு, ஏறத்தாழ 4,290 மீட்டர் உயரத்தில். பெரும்பாலான பயணிகள் இங்கே கூடாரத்தில் தங்குகிறார்கள். செப்டம்பரிலேயே இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். விடியற்காலையில் சாவியைத் திருப்பும் அந்த நொடியில்தான் பேட்டரியின் இடமாற்றம் முதல் சோதனையைச் சந்திக்கிறது. குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும். பூஜ்ய டிகிரியில் அதன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு கைக்கு எட்டாது, மைனஸ் 18-இல் ஏறக்குறைய பாதி எட்டாது. இஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டிருப்பதால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வேலை அதிகம். காற்றின் அடர்த்தியும் குறைவு என்பதால் இஞ்சின் பிடிக்க வழக்கத்தைவிட நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். கொடுப்பவன் இளைத்திருக்கும் நேரத்தில் கேட்பவன் கூடுதலாகக் கேட்கிறான். இந்த இடத்தில் ஒயரின் நீளம் கணக்கில் சேர்கிறது. பானட்டுக்குள் ஸ்டார்ட்டர் ஒயர் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். டிக்கியிலிருந்து வந்தால் சேஸிஸின் வளைவுகளைச் சுற்றி 4 மீட்டராவது வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் போட்டால், டீசல் ஸ்டார்ட்டர் 300 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 4 மீட்டரிலேயே 1.3 வோல்ட் தொலைந்துவிடும். 35 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.6 வோல்ட், 70 என்றால் 0.3 வோல்ட். குளிரில் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே பத்து வோல்ட் பக்கம் இறங்கியிருக்கும். அதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஒயருக்கே தாரைவார்த்தால் ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றுவிடும்.

இது பாசிட்டிவ் ஒயரின் கணக்கு மட்டும். மின்சாரம் திரும்பி வரும் வழிக்கும் இதே மரியாதை வேண்டும். பாடியில் எங்கோ ஒரு போல்ட்டில் எர்த் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியும்படி செய்து, சேஸிஸில் பிடித்து, சேஸிஸிலிருந்து இஞ்சினுக்கும் தனியாக ஒரு தடித்த எர்த் ஸ்ட்ராப் போட்டு, மேலே துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவினால்தான் அந்த வழி நம்பத்தக்கது. ஜிப்ஸி போன்ற பழைய தலைமுறை வண்டியில் வேலை இத்தோடு முடிகிறது. இன்றைய வண்டிகள் பலவற்றில் நெகட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்து, பேட்டரிக்குள் போகும், வரும் ஒவ்வொரு ஆம்பியரையும் எண்ணி ஆல்டர்நேட்டருக்குச் சொல்கிறது. அதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் நகர்த்தினால், சார்ஜிங் கணக்கு முழுவதும் தப்பாகும்.

சர்ச்சுவுக்குப் பிறகு 21 கொண்டையூசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், அதன் மேலே நக்கீ லா, அடுத்து 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுலுங் லா, பிறகு பாங் வரை மண்ணும் கல்லும் மாறிமாறி வரும் இறக்கம். பேட்டரியைப் பிடித்து வைப்பது என்பதன் பொருள் இந்தப் பகுதியில்தான் விளங்கும். 18 கிலோ எடை நின்ற வண்டியில் 18 கிலோதான். மோதலில் புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு வேகக்குறைவு ஏற்பட்டால் அந்தப் பேட்டரி 360 கிலோ விசையோடு முன்னால் பாயும். முன்னால் இருப்பது ஓட்டுநரின் முதுகு. லக்கேஜ் கட்டும் நைலான் பட்டை அதைத் தாங்காது. பட்டை அறாவிட்டாலும், அது மாட்டியிருக்கும் மெல்லிய தகடு கிழியும். மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பு, இடம் மாற்றிய பேட்டரிக்குச் சொல்வதைப் பார்த்தாலே பிரச்சினையின் அளவு புரியும். உலோகத் தாங்கி, மின்காப்பு உறையிட்ட இரண்டு உலோகக் கிளாம்புகள், குறைந்தது 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள், ஒவ்வொரு போல்ட்டுக்கும் தரைத்தகட்டின் அடியில் 3 மில்லிமீட்டர் கனமும் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட உலோகத் துணைத்தகடு. போல்ட் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வராமல் விசையைப் பரப்பித் தருவது அந்தத் துணைத்தகடுதான். நாம் பந்தயத்துக்கா போகிறோம் என்று கேட்கலாம். பந்தய ஓட்டுநருக்கு ஹெல்மெட், ரோல் கேஜ், தீப்பிடிக்காத உடை எல்லாம் உண்டு. சில நிமிடங்களில் மருத்துவ உதவியும் வரும். காட்டா லூப்ஸில் குடும்பத்தோடு போகிறவருக்கு அவற்றில் எதுவும் இல்லை. அவருக்கு அந்தப் போல்ட்டுகள் இன்னும் அவசியம்.

அதே குலுக்கல் ஒயரையும் தின்கிறது. டிக்கியின் தரைத்தகட்டில் ஒயருக்காகப் போட்ட துளையைக் கிட்டத்தில் பார்த்தால் தெரியும். டிரில் விட்டுச்சென்ற விளிம்பு கூர்மையாக நிற்கும். ரப்பர் கிராமெட் இல்லாமல் அதன் வழியே இழுத்த ஒயர், வண்டி ஒவ்வொரு கல்லில் ஏறி இறங்கும்போதும் அரை நூல் முன்னும் பின்னும் நகரும். சிவப்பு உறையில் முதலில் வெளிறிய ஒரு கோடு விழும், பிறகு அது பள்ளமாகும், பள்ளத்தின் அடியில் ஒருநாள் செம்பு மினுங்கும். அந்தச் செம்பு தகட்டைத் தொட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். அது பல கிலோவாட் வெப்பம். ஒயரின் உறை, தரை விரிப்பு, சீட் பஞ்சு என்று தீ பரவ வெகுநேரம் ஆகாது. ஆகவே துளைக்குக் கிராமெட், ஒயர் முழுவதற்கும் கணுக்குழாய் உறை, ஒவ்வொரு சாணுக்கும் சேஸிஸோடு ஒரு கிளிப். சைலன்சர் குழாய்க்கும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டுக்கும் எட்டாத வழி. பெட்ரோல் லைனோடு சேர்த்துக் கட்டுவது கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ். கம்பெனியே ஸ்டார்ட்டர் ஒயருக்கு ஃபியூஸ் போடாதபோது நாம் ஏன் போட வேண்டும், அத்துவானத்தில் அது எரிந்துபோனால் வண்டி நின்றுவிடாதா என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகளே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. கம்பெனி ஃபியூஸ் போடாமல் விட்டது ஒரு மீட்டருக்கும் குறைவான, உராய இடமே இல்லாத ஒயருக்கு. கற்கள் தெறிக்கும் அடிப்பாகத்தில் 4 மீட்டர் ஓடும் ஒயருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஸ்டார்ட்டர் இழுப்பதை அளந்து, தொடக்க நொடியின் எழுச்சியைப் பொறுத்துக்கொள்ளும் மெதுவாக உருகும் வகையைத் தேர்ந்தெடுத்து, மாற்று ஃபியூஸ் இரண்டை டூல் கிட்டில் வைத்துக்கொண்டால் அந்தக் கவலை தீரும். எரிந்த ஃபியூஸை மாற்றலாம். எரிந்த வண்டியை எதைக்கொண்டு மாற்றுவது?

பாங் தாண்டியதும் மோரே சமவெளி. சாங்பா மக்கள் ஆடு மேய்க்கும் இந்தப் பரந்த வெளியின் முடிவில், 5,328 மீட்டர் உயரத்தில் தங்லாங் லா. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. குளிர் தாங்காமல் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு ஹீட்டரைப் போட்டிருப்பார்கள். இப்போது பேட்டரியும் அதே அறைக்குள் இருக்கிறது. சாதாரண பேட்டரி முழு சார்ஜ் ஆன பிறகும் மின்சாரம் ஏறிக்கொண்டே இருந்தால் அது உள்ளேயிருக்கும் நீரைப் பிரிக்கத் தொடங்கும். ஆறு செல்களும் சேர்ந்து, ஒவ்வொரு ஆம்பியர்-மணிக்கும் சுமார் இரண்டரை லிட்டர் ஹைட்ரஜன் வெளியேறும். ஆல்டர்நேட்டரின் ரெகுலேட்டர் பழுதாகி 5 ஆம்பியர் உபரியாக ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம்; நிமிடத்துக்கு 200 மில்லி ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும். பேட்டரியை அடைத்து வைத்த பெட்டியில் 20 லிட்டர் வெற்றிடம் இருந்தால் அந்த 4 சதவீதத்தை எட்ட நான்கே நிமிடம் போதும். இது சமவெளிக் கணக்கு. தங்லாங் லாவில் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அளவே பாதி என்பதால், அதே ஹைட்ரஜன் அதில் இரண்டு மடங்கு விகிதத்தில் கலக்கும். நான்கு நிமிடம் இரண்டு நிமிடமாகும். ஹைட்ரஜனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பேட்டரி ஓவர்சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். அதற்குள் கணிசமான வாயு சேர்ந்திருக்கும்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, நான் போட்டிருப்பது ஏ.ஜி.எம். பேட்டரி, அது சீல் செய்தது, வாயு வராது என்பது. பாதி உண்மை. ஏ.ஜி.எம். பேட்டரியில் அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருப்பதால் வண்டி கவிழ்ந்தாலும் சிந்தாது. சாதாரணமாக உருவாகும் வாயுவை உள்ளேயே மீண்டும் நீராக்கிக்கொள்ளும். ஆகவே உள்ளே வைப்பதென்றால் அந்த வகையைத்தான் வைக்க வேண்டும். ஆசிட் ஊற்றும் பேட்டரியை ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்கவே கூடாது. ஆனால் ஏ.ஜி.எம். பேட்டரியிலும் வால்வு ஒன்று உண்டு. ரெகுலேட்டர் கெட்டு 15 வோல்ட்டுக்கு மேல் ஏறினால், உள் அழுத்தம் மிஞ்சி அந்த வால்வு திறக்கும். பழுது வரும் நாளுக்காகத்தான் காவல் வைக்கிறோம். அந்த நாளில் ஏ.ஜி.எம். பேட்டரியும் வாயு விடும். எனவே மூடிய பெட்டி, பேட்டரியின் வென்ட் துவாரத்திலிருந்து வண்டிக்கு வெளியே போகும் ஹோஸ், அந்த ஹோஸின் வாய் சேற்றில் அடைபடாத இடத்தில் முடிவது, இவை மூன்றும் வேண்டும். ரிலே, கம்ப்ரசர் சுவிட்ச் போல் பொறி விடக்கூடிய எதையும் அதே பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பேட்டரி இணைப்பை ஒரே திருப்பில் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச், சீட்டில் இருந்தபடியே கைக்கு எட்ட வேண்டும். பந்தய வண்டிகளில் வெளியே நிற்பவரும் அணைக்கும்படி, நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியோடு ஒன்று இருக்கும். மலைச்சாலையில் கவிழ்ந்த வண்டிக்கு முதலில் ஓடிவருகிறவர் முன்பின் தெரியாத லாரி ஓட்டுநராக இருக்கலாம். அவர் கண்ணுக்கும் தெரியும்படி வைப்பது நல்லது.

இவ்வளவு பயம் எதற்கு, லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் பேட்டரி முன் சீட்டுக்கு அடியிலேயே இருந்ததே, பி.எம்.டபிள்யூ. எத்தனையோ மாடல்களில் டிக்கியில் வைக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. இது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. டிஃபெண்டரில் சீட்டுக்கு அடியில் பேட்டரிக்கென்றே ஒரு பெட்டி வண்டியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். பி.எம்.டபிள்யூ. டிக்கியில் வைத்தபோது வென்ட் குழாயை வெளியே விட்டது. மோதல் நடந்தால் ஏர் பேக்கோடு சேர்ந்து ஒரு சிறு வெடிமருந்து இயங்கி, பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஸ்டார்ட்டர் ஒயரைத் துண்டிக்கும் ஏற்பாட்டையும் செய்தது. அந்தக் கம்பெனிகள் பேட்டரியோடு காவலையும் நகர்த்தின. இடத்தை மட்டும் பார்த்து நாம் நகல் எடுத்தால், நகலில் விடுபடுவது உயிரைக் காப்பாற்றும் பகுதிதான்.

லித்தியம் பேட்டரி போட்டால் எடையும் குறையும், ஹைட்ரஜன் தொல்லையும் இருக்காது என்கிறார்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை நல்ல கண்டுபிடிப்புதான். இஞ்சின் சூடு அதற்கு ஆகாது என்பதால் வண்டிக்குள் வைப்பதே அதற்கு ஏற்றது. ஆனால் பூஜ்ய டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். தரமான பேட்டரியில் உள்ள பாதுகாப்புச் சர்க்யூட் அப்போது சார்ஜை நிறுத்திவிடும். சர்ச்சுவின் விடியலில் இஞ்சின் ஓடியும் பேட்டரி ஏறாமல் நிற்கும் நிலை அது. ஈய-அமில பேட்டரிக்கும் குளிரில் ஒரு ஆபத்து உண்டு. முழு சார்ஜில் மைனஸ் 50 டிகிரிக்கும் தாங்கும் அதன் அமிலம், சார்ஜ் தீர்ந்துபோனால் மைனஸ் 10 பக்கத்திலேயே உறையத் தொடங்கும். எந்த வகையானாலும் இரவெல்லாம் ஃபிரிட்ஜும் விளக்கும் ஓடி, ஸ்டார்ட்டர் பேட்டரி வற்றிப்போகும் நிலையை இந்தச் சாலையில் அனுமதிக்கக் கூடாது.

இந்தக் கடைசிக் கவலைதான் நல்ல தீர்வையும் காட்டுகிறது. இஞ்சினைக் கிளப்பும் பேட்டரியை பானட்டுக்குள் கம்பெனி வைத்த இடத்திலேயே விட்டுவிடுவோம். முன் பம்பரில் வின்ச் இருந்தால், அது முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்; அதற்கும் பேட்டரி முன்னால் இருப்பதே நல்லது. ஃபிரிட்ஜ், விளக்கு, செல்போன் சார்ஜர் ஆகியவற்றுக்கு ஒரு ஏ.ஜி.எம். பேட்டரியை இரண்டாவதாக உள்ளே வைத்து, டி.சி.-டி.சி. சார்ஜர் வழியாக ஏற்றுவோம். அதன் ஒயரில் ஓடுவது 300 ஆம்பியர் அல்ல, 20 அல்லது 30 ஆம்பியர். சிறிய ஒயர், இரண்டு முனையிலும் சிறிய ஃபியூஸ். மொத்த அமைப்பும் செத்துப்போனாலும் வண்டி செல்ஃப் எடுக்கும். போல்ட்டும் பெட்டியும் வென்ட் ஹோஸும் இதற்கும் வேண்டும், குறைக்க வழியில்லை. ஆனால் தவறினால் வரும் இழப்பு மிகக் குறைவு. இதில் இஞ்சின் அறையின் இடப் பற்றாக்குறை தீராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேறு வழியே இல்லாமல் முதல் பேட்டரியையே நகர்த்த வேண்டிய வண்டிகளும் உண்டு. அவற்றுக்குப் பிடிப்பு, வென்ட், ஃபியூஸ், கனமான ஒயர், கட்-ஆஃப் ஆகிய ஐந்தும் சேர்ந்து ஒரே வேலை. நான்கு செய்து ஐந்தாவதை ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், நான்கையும் செய்யாமல் இருப்பதே மேல்.

செலவாகுமே என்பார்கள். ஆகும். நல்ல செம்பு ஒயரும் ஏ.ஜி.எம். பேட்டரியும் பெட்டியும் சேர்ந்தால், அலங்காரத்துக்குப் போடும் எல்.இ.டி. விளக்கு வரிசையைவிட அதிகமாகக்கூடச் செலவாகலாம். ஆனால் தங்லாங் லாவிலிருந்து உப்ஷிக்கு இறங்கி, சிந்து நதியோரமாக லேக்குள் நுழையும் வரை உடன் வருகிறவர்கள், வண்டியைக் கட்டியவரின் கைவேலையை நம்பியே கண்ணயர்கிறார்கள். மணாலியில் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேட்டரியை இரு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். அது அசைந்தால் போல்ட்டை முறுக்குங்கள். வென்ட் ஹோஸின் வெளிவாயில் ஊதிப் பாருங்கள். ஒயரை முனையிலிருந்து முனை வரை விரலால் தடவி, உறையில் பள்ளம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் ஸ்டார்ட்டரிலேயே மீட்டரை வைத்து வோல்ட்டைப் பார்க்கட்டும்; பேட்டரியில் காட்டுவதற்கும் அங்கே காட்டுவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரையோ எர்த்தையோ சரிசெய்த பிறகே கிளம்புங்கள். கட்-ஆஃப் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை வண்டியில் வரும் குழந்தைக்கும் சொல்லிக்கொடுங்கள்.